துண்டும் உறுதியும்

வீடு வாங்கப் பணமில்லாதவனும் வீட்டைக்கொண்டு பணம் தேடலாம் என்றொரு போதனை இப்பொழுது நம் மலைநாட்டு நகரங்களிலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வழி எளியது என்கிறார்கள். விற்க நினைத்தும் விலை படியாமல் காத்திருக்கும் ஒரு வீட்டுக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருடைய வீட்டை மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். அம்மூன்று ஆண்டுக்குள் இன்ன விலைக்கு அதே வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் உரிமையையும் அக்குத்தகையோடு சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வுரிமைக்காக ஒரு சிறு தொகை, விலையில் நூற்றுக்கு மூன்றோ ஐந்தோ, கையிற் கொடுத்தாற் போதும். பிறகு அந்த வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கூடிய வாடகைக்கு விடலாம். காணி விலை ஏறினால், முன்பு எழுதிய விலைக்கு வாங்கி இன்றைய விலைக்கு விற்கலாம். ஏறாவிட்டால் கொடுத்த சிறு தொகையைக் கைவிட்டு விலகிக்கொள்ளலாம். குத்தகை எடுத்தவருக்கு வாங்கும் உரிமை உண்டு. வாங்கியே தீரவேண்டும் என்ற கடமை இல்லை. வீட்டுக்காரருக்கு விற்கும் கடமை உண்டு. மறுக்கும் உரிமை இல்லை.

அமெரிக்க நாட்டில் இது நெடுநாளாக வழங்கிவரும் வாணிபம். நம்மிடையே இதன் பாதி பழையதே. நுவரெலியாவில் ஏப்ரல் மாத வசந்தகாலக் கூட்டத்தை நம்பி வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்துவோரை நாம் அறிவோம். வாங்கும் உரிமையையும் உடன் எழுதிக்கொள்ளும் மறுபாதிதான் புதிது. சம்பளம் போதாத ஆசிரியர்களும், பட்டம் பெற்றுவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் இதனை ஆவலோடு விசாரிக்கிறார்கள். சட்டம் இடங்கொடுக்குமா, இலாபம் வருமா என்பன அவர்கள் கேட்கும் கேள்விகள். அவற்றைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அவற்றுக்கு முன்னே நிற்கும் வேறொரு கேள்வி நமக்கு உண்டு. ஒரு வீட்டை வாங்கும் முதல் உரிமை ஒருவருக்கு எதனாற் பிறக்கிறது? முன்கூட்டிக் கொடுத்த தொகையாலா, அந்த வீட்டிலே வாழ்ந்த வாழ்க்கையாலா?

முதலிற் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். தொடங்க நினைப்போருக்கு அது பயன்படும். இலங்கையில் காணியைப் பற்றிய எந்த வாக்குறுதியும் வாய்ச்சொல்லாக நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அதாவது மோசடித் தடுப்புச் சட்டம், காணி விற்பனையும், விற்பதாகத் தரும் வாக்கும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் எழுத்தில் இருக்கவேண்டும், நொத்தாரிசு ஒருவர் முன்னும் இரு சாட்சிகள் முன்னும் கையொப்பமாகவேண்டும் என்கிறது. வெறுந் தாளில் முத்திரை ஒட்டி எழுதிய “வாங்கும் உரிமை”யைக் காட்டி வீட்டைக் கேட்டு வழக்காட முடியாது. உறுதியை முடித்தாலும் காணிப் பதிவகத்திற் பதியாவிட்டால், பின்னால் வந்து முன்னாற் பதிந்தவர் வென்றுவிடக்கூடும். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், வீட்டுக்காரர் தவணை தவறும் நாளில் வங்கியின் உரிமை நம் உரிமைக்கு முன்னே வந்து நிற்கும். இவை யாவற்றையும் கவனித்துத் தாம் குடியிருக்கும் வீட்டையே காலக்கிரமத்தில் வாங்கிக்கொள்ளும் நோக்குடன் ஓர் ஆசிரியர் இவ்வாறு எழுதிக்கொள்வாராயின், அதிலே குற்றம் எதுவும் இல்லை. நல்ல ஏற்பாடென்றே கூறலாம். வாடகையாய்ப் போகும் பணத்தில் ஒரு பகுதி விலையிற் கழிகிறது; குடியிருப்பவர் உரிமையாளர் ஆகிறார்.

ஆனால் நமக்குப் போதிக்கப்படுவது அதுவன்று. குடியிராதவர் உரிமையை வைத்திருப்பதும், குடியிருப்பவர் வாடகையைக் கொடுத்துக்கொண்டே இருப்பதுமே போதனையின் சாரம். இந்த ஏற்பாடு மலைநாட்டுக்குப் புதியதன்று. இம்மலைகளில் எழுதப்பட்ட பழைய தெரிவுரிமைப் பத்திரம் ஒன்று உண்டு. அது வீட்டின் மேல் எழுதப்படவில்லை. மனிதர் மேல் எழுதப்பட்டது. அதற்குத் “துண்டு” என்று பெயர்.

இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணியோடு புறப்பட்ட குடும்பம், கப்பலேறும் முன்னரே கடன்பட்டிருந்தது. வழிச்செலவு, சோற்றுச்செலவு, கம்பளி யாவும் கங்காணியின் கணக்கில் ஏறின. தோட்டத்துக்கு வந்தபின் அக்கடன் வளர்ந்ததேயொழியத் தேயவில்லை. தொழிலாளர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், முந்திய தோட்டத்துத் துரை ஒரு தாள் எழுதிக் கொடுப்பார்: இன்ன தொகை கடன் உண்டு, அதைக் கட்டினால் இவர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்று. அதுவே துண்டு. அந்தத் தொகையைக் கட்டிய துரைக்கு ஆட்கள் கிடைத்தனர். விலை முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருந்தது. கட்டுவதும் கட்டாதிருப்பதும் கட்டுபவரின் விருப்பம். யாரைப் பற்றி அந்தத் தாள் பேசிற்றோ அவருக்கு மட்டும் விருப்பம் என்பது கிடையாது. இன்று வீட்டு வாணிபத்தில் நயமான சொற்களாற் கூறப்படும் தெரிவுரிமைக்கும் இதற்கும் உருவத்தில் என்ன வேறுபாடு? 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒருவருடைய வாழ்வின் மேல் இன்னொருவருக்குத் தெரிவுரிமை இருத்தல் என்ற அடிப்படை மட்டும் லயத்துக் காம்பிராவின் சுவருக்குள் மிஞ்சி நின்றது.

கங்காணியை ஈண்டு ஒரு கணம் நினைக்கலாம். தேயிலை அவருடையதன்று, மலை அவருடையதன்று. துரைக்கும் தொழிலாளருக்கும் நடுவே நின்றதே அவருடைய முதலீடு. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. கடனுக்கு ஈடாகத் தொழிலாளர் சம்பளத்திலும் அவர் கை விழுந்தது. இருபுறமும் வாங்கினார். வீட்டைத் தாமும் வாங்காமல், அதிலே தாமும் குடியிராமல், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாடகைக்கும் குடியிருப்பவரிடம் வாங்கும் வாடகைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் வாழச் சொல்லும் இன்றைய போதனை, பழைய பிரட்டுக்களத்து நினைவு உடையோருக்கு அறிமுகமான முகமாகவே தோன்றும். கங்காணிகளிலும் கடனில் மூழ்கியோர் பலர் இருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் நிற்பவர் எப்பொழுதும் செழிப்பதில்லை.

தமிழிலே “குடி” என்னும் சொல்லைக் கவனிப்போம். அது வீட்டையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், நாட்டின் மக்களையும் குறிக்கும். குடியிருப்பு, குடிமக்கள், குடியுரிமை என்று அது விரிகிறது. வீட்டு வாடகைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பழைய சொல் குடிக்கூலி. ஓரிடத்தில் வாழ்பவனே அவ்விடத்துக்கு உரியவன் என்ற எண்ணம் இச்சொற்களின் வேரில் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். தோட்டத்தில் இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று மோதின. லயத்துக்கு வாடகை இல்லை என்பது தோட்ட நிர்வாகங்களின் பழைய பெருமை. உண்மையில் வாடகை இருந்தது. கூலிக்குள்ளே அது ஒளிந்திருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவைக் காட்டியே கூலி குறைக்கப்பட்டது. வேலை போனால் காம்பிராவும் போகும் என்பதால், கூலியைக் கேட்டு எழும் குரல் வீட்டை நினைத்து அடங்கிற்று. பல தோட்டங்களில் இன்றும், குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்றோலில் இருந்தாற்றான் லயத்தில் இருக்கை உறுதி. கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்காக மலையில் தாய் முதுகு வளைந்தும் கொழுந்துக்கு இறங்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. பல லயங்களுக்குத் தனி முகவரிகூட இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வீட்டுக்கு வரவேண்டும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. நாடற்றவருக்குக் காணி ஏது? அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1946இல், கேகாலைப் பகுதியில் உருளவள்ளி என்று நம்மவர் அழைக்கும் நேவ்ஸ்மியர் தோட்டம் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக அரசால் எடுக்கப்பட்டது. லயங்களை விட்டு வெளியேற மறுத்த தொழிலாளர் மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது; தோட்டங்கள்தோறும் வேலைநிறுத்தம் மூண்டது. கிராமத்து ஏழைக்குக் காணி கிடைக்க வேண்டியது நியாயமே. ஆனால் அந்த நியாயத்தைச் செய்ய இன்னோர் ஏழையைத் தான் வாழ்ந்த இடத்தில் அத்துமீறியவன் என்று அழைக்க நேர்ந்தது. இரண்டு ஏழைகளை நேருக்கு நேர் நிறுத்திவிட்டு, மலையை முதன்முதலில் யார் எடுத்தார் என்ற கேள்வி மறக்கப்பட்டது.

அந்தக் கேள்விக்கு விடை அதே 1840ஆம் ஆண்டில் உள்ளது. காணி வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும் என்ற 7ஆம் இலக்கச் சட்டம் வந்த ஆண்டிலேயே, உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியன என்று கொள்ளும் 12ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. கண்டிய விவசாயியின் தாளில்லாத உரிமை இவ்வாறு மறைந்தது. ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற கணக்கில் மலைகள் விற்பனையாயின. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரே பலர். தாள் உள்ளவனுக்கே காணி என்ற விதியையும், தாளைத் தானே எழுதிக்கொள்ளும் வாய்ப்பையும் ஒரே ஆண்டில் ஒரே கை படைத்துக்கொண்டது.

நம் சட்டத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி, பிறருடைய காணியில் உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றி இருந்தவர் அக்காணிக்கு உரிமை கோரலாம். ஆனால் அனுமதியோடு வந்து குடியிருப்பவருக்கு அது பொருந்தாது. அவருடைய இருப்பு எதிரான இருப்பு அன்று. அரச காணிக்கெதிராகவும் அச்சட்டம் செல்லாது. ஆகவே வேலியைப் பிரித்து நுழைந்தவருக்குப் பத்து ஆண்டில் பிறக்கக்கூடிய உரிமை, அழைத்துவரப்பட்டு ஐந்து தலைமுறை உழைத்தவருக்குப் பிறக்கவில்லை. கீழ்ப்படிந்து இருந்ததே அவர் செய்த பிழை. சட்ட நூலிலே இதற்குத் தருக்கம் இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. அறத்துக்கு இது என்ன விடை கூறும்?

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கிற்று. அதற்கிடையே, 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் வந்தது. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலம் அது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை வைத்திருந்தோரிடமிருந்து, அவற்றிற் குடியிருந்த வாடகைக்காரரே அவற்றை வாங்கிக்கொள்ள அச்சட்டம் வழி செய்தது. முன்பணம் கொடுத்ததனால் அன்று, குடியிருந்ததனால் வந்த தெரிவுரிமை அது. கொழும்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவ்வாறு வீட்டுக்காரர் ஆயின. முற்போக்காளர் பெருமையுடன் சொல்லிக்கொள்ளத்தக்க சட்டம். லயத்துக் காம்பிராவில் இருந்தவருக்கு அதனால் ஒரு பயனும் கிட்டவில்லை. அவர் சட்டத்தின் கண்ணில் வாடகைக்காரரும் அல்லர்.

பின்னர் 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. 2045ஆம் ஆண்டு வரை, ஐம்பத்துமூன்று ஆண்டுக் குத்தகை. கம்பெனிகளும் குத்தகைக்காரரே என்பதை மறக்கலாகாது. ஒருவர் ஐம்பத்துமூன்று ஆண்டுக்கு எழுத்தில் குடி வந்தார். மற்றவர் இருநூறு ஆண்டு எழுத்தில்லாமல் குடியிருக்கிறார். 1990களில் கடன் வழியாக வீடு கட்டும் திட்டங்கள் வந்தபோது தவணை தொழிலாளர் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கடனைத் தீர்த்த பின்னும் பலருக்கு உறுதி வரவில்லை. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, வீடு மட்டும் உன்னுடையது என்று விடை வந்தது. வீட்டை நிலத்திலிருந்து தூக்கிச் செல்ல முடியுமா? வாணிபத்தில் தெரிவுரிமை பெற்றவர் பணம் கொடுக்காமலே விலகலாம். இவரோ பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு, வாங்கியவர் ஆகாமலே நின்றார்.

இத்தகைய ஏற்பாடு நமக்கு மட்டும் நேர்ந்ததென்று எண்ண வேண்டா. சிக்காகோ நகரிலே 1950களிலும் 1960களிலும் கறுப்பின மக்களுக்கு வங்கிகள் வீட்டுக்கடன் தர மறுத்தன. அவர்கள் தவணை ஒப்பந்தத்தில் மிகை விலைக்கு வீடு வாங்கினர். கடைசித் தவணை வரை உறுதி விற்றவர் கையிலே இருக்கும். ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். 1968இல் லோண்டேல் பகுதி மக்கள் சங்கம் அமைத்துத் தவணை கட்ட மறுத்துப் போராடினர். வங்கியின் கதவு அடைபட்ட இடத்தில்தான் இவ்வகை ஒப்பந்தம் செழிக்கிறது என்பதை அவர்கள் கதையிலிருந்து அறிகிறோம்.

இதற்கு மறுப்பு உண்டு. யாரையும் யாரும் வற்புறுத்தவில்லையே, இருவரும் அறிந்தே கையொப்பமிடுகிறார்கள், விலை இறங்கினால் வீட்டுக்காரருக்குத் தொகை மிச்சம், ஏறினால் எடுத்தவருக்கு இலாபம், இதில் அறம் எங்கே வந்தது என்பார்கள். நியாயமான மறுப்பு. கொழும்பிலே இரண்டு வீடுடைய இருவர் தம்முள் இப்படி எழுதிக்கொண்டால் நமக்குப் பேச்சில்லை. ஆனால் கையொப்பம் இடும் இருவருக்கும் காத்திருக்கும் வலிமை ஒன்றாக இருக்கவேண்டும். தெரிவுரிமை என்பது காலத்தை விலைக்கு வாங்குவது. நுவரெலியாவில் இரண்டு கோடி ரூபா வீடு ஒன்று என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று என்றால் ஆறு லட்சம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியில் ஒரு கொழுந்துத் தொழிலாளிக்கு அது 444 நாள் உழைப்பு. மாதம் இருபத்தைந்து நாள் பேர் விழுந்தாலும், உண்ணாமல் உடுக்காமல் ஒன்றரை ஆண்டு. இன்னொருவருக்கு அது இழந்தாலும் பொறுக்கக்கூடிய தொகை.

இப்பொழுது இவ்விவகாரம் அவசரமாகிவிட்டதற்குக் காரணம், உறுதிகள் வரத் தொடங்கியிருப்பதே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் விழுங்கிய பின், தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் என்ற கோரிக்கையை எவரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகள்; 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வேலை மெதுவாகவே நடந்துவந்திருக்கிறது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஏக்கர் கணக்கில் எண்ணுவோருக்கு அற்பம். 120 சதுர அடியில் மூன்று தலைமுறை படுத்தெழுந்தவர்களுக்கு முற்றம், கத்தரிப் பாத்தி, பிள்ளை படிக்க ஒரு மூலை.

அந்த உறுதி கைக்கு வந்த மறுநாள் யார் வாசலுக்கு வருவார்? சுற்றுலா நகரின் விளிம்பில் இருக்கும் அக்காணிகளுக்கு, ஐம்பதினாயிரம் ரூபாவைக் கையில் கொடுத்து, ஐந்து ஆண்டுக்குள் இன்ன விலைக்கு வாங்கும் உரிமையை எழுதித் தரச்சொல்லிக் கேட்பவர் வருவார். மகளின் கலியாணச் செலவோ மருத்துவச் செலவோ நிற்கும் வீட்டில் அந்தத் தொகை பெரிது. கையொப்பமிட்டபின் விலை மும்மடங்கு ஆனாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கும். நொத்தாரிசு இருப்பார், சாட்சிகள் இருவர் இருப்பார்கள், எல்லாம் சட்டப்படி இருக்கும். இதைக் காட்டியே, “இவர்களுக்கு உறுதி கொடுத்தால் விற்றுத் தின்றுவிடுவார்கள்” என்று மறுப்போரும் உளர். அந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. காணி உடைய எவரும் விற்கக்கூடும். மலைநாட்டாரை மட்டும் மைனர் பிள்ளைகளாக நடத்துவது நியாயமன்று. ஆனால் அபாயம் மெய்யானது. அதற்கு வழி காண வேண்டும்.

வழி நம் மரபிலேயே இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையில், காணியை அந்நியருக்கு விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், ஈடு பெற்றிருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும், அவர்களே முதலில் வாங்கும் உரிமை உடையோர் என்ற விதி உண்டு. சாதியும் மேட்டிமையும் படிந்த அச்சமுதாயத்தை நாம் புகழவில்லை. அந்த ஒரு விதி மட்டும் நமக்கு வேண்டும். முன்பணம் கொடாமலே, அருகில் வாழ்வதாற் பிறக்கும் தெரிவுரிமை அது. தோட்டக் குடியிருப்புகளில் கொடுக்கப்படும் ஒவ்வோர் உறுதியிலும் அதை எழுதலாம்: விற்க விரும்பினால் முதலில் அதே குடியிருப்பிலுள்ளோருக்கும் அவர்களது கூட்டுறவுச் சங்கத்துக்கும், நியாய விலைக்கு, வெளியாருக்கு முற்கூட்டிய தெரிவுரிமை எழுதிக் கொடுப்பது குறித்த ஆண்டுகள் வரை செல்லாது. உறுதி கணவன் பெயரில் மட்டும் அமையாமல், கொழுந்தெடுத்துத் தவணை கட்டிய மனைவியின் பெயரும் அதில் இருக்கவேண்டும். குடித்துக் கடன்படும் கை ஒன்றாயினும் கையொப்பத்துக்கு இரண்டு கை தேவைப்படும்.

இன்னொன்றும் உண்டு. 2045இல் கம்பெனிகளின் குத்தகை முடிகிறது. புதுப்பிப்பதற்கான பேச்சு அந்த ஆண்டில் தொடங்காது. அதற்கு வெகு முன்னரே மூடிய அறைகளில் தொடங்கிவிடும். அந்த மேசையில் அரசுக்கு ஒரு நாற்காலி, கம்பெனிக்கு ஒரு நாற்காலி இருக்கும். லயங்களும் அவற்றைச் சூழ்ந்த தோட்ட நிலமும் குத்தகையிலிருந்து நீக்கப்பட்டு, அங்கு வாழ்வோருக்கு முதல் உரிமையுடன் விடப்படவேண்டும் என்ற ஒரு வாசகம் அந்தப் பத்திரத்தில் இடம்பெறுமா என்பதைத் தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். இன்று நம் ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் லயத்துப் பிள்ளைக்கு அப்போது வயது முப்பதளவில்தான் இருக்கும். குத்தகைப் பத்திரத்தை வாசிக்க அவளுக்கு இப்பொழுதே கற்றுக்கொடுக்கலாம்.